பாட்டு கற்க எந்த வழி: நேர் வகுப்பா, ஆன்லைன் ஆசிரியரா, பதிவுப் பாடமா, ஆப்பா?

பாட்டு கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தவர்கள் அடுத்த அடியிலேயே தயங்கி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். "ஆன்லைனில் ஒரு ஆசிரியரிடம் சேரலாமா, நேரில் போனால்தான் வருமா?" என்பது முதல் கேள்வி. "அதான் ஆப் இருக்கிறதே, அதை வைத்தே பழகிவிட முடியாதா?" என்பது அடுத்தது. ஒவ்வொரு வழிக்கும் நாலு பேர் நல்லது சொல்ல, நாலு பேர் வேண்டாம் என்று சொல்ல, யோசனையிலேயே மாதங்கள் போய்விடுகின்றன. நான் நேரிலும் கற்றிருக்கிறேன், திரை வழியாகவும் கற்றிருக்கிறேன். இப்போது இரண்டு விதமாகவும் சொல்லித்தருகிறேன். அந்த அனுபவத்தில் எது யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயலினோ கிடாரோ கற்கும்போது விரல் தப்பான இடத்தில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். பாட்டில் வாத்தியம் தொண்டைக்குள் இருக்கிறது. பெரியவர்களின் குரல் நாண்கள் சுமார் 1.25 முதல் 2.5 சென்டிமீட்டர் நீளம்தான். 440 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அவை வினாடிக்கு 440 முறை சேர்ந்து பிரிகின்றன. பாடும்போது அவை எப்படி அசைகின்றன என்று கண்ணாடி வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்து 1855இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் மானுவல் கார்சியா. அவர் மருத்துவர் இல்லை, பாட்டு ஆசிரியர். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் சொல்லித்தருவது அவரை அவ்வளவு உறுத்தியிருக்கிறது.

காதையும் முழுதாக நம்ப முடியாது. நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. அதனால் நமக்கு அது கனமாக, நிறைவாகக் கேட்கும். ரெக்கார்டிங்கில் கேட்டால் "இது என் குரலா?" என்று திடுக்கிடுவது அதனால்தான். கண்ணுக்கும் தெரியாது, காதும் சரியாகச் சொல்லாது என்ற நிலையில் கற்பவருக்கு வெளியிலிருந்து ஒரு காது தேவைப்படுகிறது. எந்த வழியை எடுப்பது என்ற கேள்விக்கு அடியில் இருப்பது இதுதான்: என் தவறை யார் கேட்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்கள்?

## எதை வைத்து எடைபோடுவது

மேலே சொன்னது முதல் அளவுகோல். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் எடைக்கு வராது. இரண்டாவது, உடல் தெரிகிறதா என்பது. தோள் தூக்குவது, தாடை இறுகுவது, கழுத்து முன்னே நீள்வது எல்லாம் குரலில் கேட்பதற்கு முன்பே உடலில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒலி சேதமில்லாமல் போய்ச் சேர்கிறதா. நான்காவது, ஒரே நேரத்தில் சேர்ந்து பாடவோ, பக்கவாத்தியத்தோடு பாடவோ முடியுமா. ஐந்தாவது, ஆறு மாதம் கழித்தும் அதில் இருப்பீர்களா. ஆறாவது மறைமுகச் செலவு. அதில் கட்டணம் சிறு பகுதிதான். நேரம், அறை, கருவி, தொண்டைக் களைப்பு, பிறகு திருத்திக்கொள்ள வேண்டிய கெட்ட பழக்கம் எல்லாமே அந்தக் கணக்கில் வரும்.

## ஆன்லைனில் ஆசிரியரோடு நேரலை வகுப்பு

இதைப் பற்றித்தான் அதிகமாகத் தவறாக நினைக்கிறார்கள், இரண்டு பக்கமும். "திரையில் பாட்டு வருமா?" என்று ஒதுக்குபவர்களும் தவறு, "நேரில் போவதும் இதுவும் ஒன்றுதான்" என்பவர்களும் தவறு. அதனால் இதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

தாமதத்திலிருந்து ஆரம்பிப்போம். வீடியோ அழைப்பில் உங்கள் குரல் ஆசிரியரிடம் போய்ச்சேர 100 மில்லிவினாடிக்கு மேல் ஆவது சாதாரணம். பேச்சுக்கு அது போதும். ஒரு திசையில் 150 மில்லிவினாடி வரை உரையாடலுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. சேர்ந்து இசைப்பதற்கோ 25, 30 மில்லிவினாடியைத் தாண்டினாலே தாளம் இழுபட ஆரம்பித்துவிடும். ஒலி காற்றில் வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. ஆகவே 30 மில்லிவினாடித் தாமதம் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரோடு பாடுவதற்குச் சமம். 200 மில்லிவினாடி என்றால் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி நிற்பவரோடு பாட முயல்வது போல.

இதில் பல ஆசிரியர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆசிரியர் தன் பக்கத்தில் கைதட்டித் தாளம் போடுகிறார். மாணவர் அந்தத் தட்டுக்குச் சரியாகவே பாடுகிறார். ஆனால் தட்டு போய்ச்சேர ஒரு தாமதம், பாட்டு திரும்பி வர இன்னொரு தாமதம். ஆசிரியர் காதில் பாட்டு பின்தங்கியே விழுகிறது. "தாளம் விடுகிறாய்" என்று திருத்துகிறார். சரியாகப் பாடியவர் அதற்குப் பிறகு முந்திப் பாடக் கற்றுக்கொள்கிறார். இதைத் தவிர்ப்பது எளிது. சுருதி, தாளம், கரோக்கி டிராக் எதுவானாலும் மாணவர் அறையில்தான் ஒலிக்க வேண்டும். அப்போது பாட்டும் தாளமும் ஒன்றாகச் சேர்ந்தே ஆசிரியரிடம் வரும். இரண்டுக்கும் ஒரே தாமதம் என்பதால் உறவு கெடாது.

ஆசிரியர் ஒரு வரி பாட, மாணவர் கேட்டுத் திருப்பிப் பாடும் முறைக்கு இந்தத் தாமதம் கிட்டத்தட்டத் தடையே இல்லை. ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்குகிறார். வாய்மொழியாகக் கற்றுவந்த இசைமுறைகள் திரைக்கு எளிதாகப் பழகிக்கொள்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சேர்ந்து பாடுவதும் இணைந்த குரல்களும் முதன்மையாக இருக்கும் முறைகளுக்கு அது அவ்வளவு எளிதில்லை. ஜாக்டிரிப், ஜாமுலஸ், சோனோபஸ் போன்ற குறைந்த தாமத மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒயர் இணையம், ஒயர் ஹெட்போன் வேண்டும், இருவரும் வெகுதூரத்தில் இருக்கக் கூடாது. இணையத்தைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டர் போகவே 5 மில்லிவினாடி ஆகும். 6,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆசிரியர் என்றால் வேறெந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 30 மில்லிவினாடி அங்கேயே போய்விடும். எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது.

அடுத்தது ஒலி. இதில் நான் பட்டது கொஞ்சமல்ல. திரை வழியாக நான் கற்கத் தொடங்கிய புதிதில், ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் நாலைந்து வினாடியில் என் குரல் தேய்ந்து மறைகிறது என்றார் ஆசிரியர். மூச்சு போதவில்லை என்று முடிவு செய்தோம். வாரக்கணக்கில் மூச்சுப் பயிற்சி. ஒரு நாள் அதே ஸ்வரத்தை என் போனில் தனியாகப் பதிவு செய்து அனுப்பினேன். பன்னிரண்டு வினாடி, கடைசிவரை ஆடாமல் நிற்கிறது. குறை என் மூச்சில் இல்லை. அழைப்பு மென்பொருளின் இரைச்சல் நீக்கம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு ஏறி இறங்கி விட்டுவிட்டு வரும். மின்விசிறிச் சத்தம் ஒரே சீராக வரும். நீண்டு நிற்கும் ஸ்வரத்தை அது மின்விசிறி என்று எடுத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இதே போல இன்னும் இரண்டு இருக்கின்றன. மெதுவாகப் பாடினால் சத்தத்தைக் கூட்டி, ஓங்கிப் பாடினால் குறைக்கும் தானியங்கி அளவுச் சரிசெய்தல் ஒன்று. அது இயங்கினால் உங்கள் ஏற்ற இறக்கம் எதுவும் ஆசிரியருக்குத் தெரியாது, எல்லாம் ஒரே மட்டத்தில் போகும். மற்றது எதிரொலி நீக்கம். இருவரும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பினால் அது ஒருவரை அமுக்கிவிடும். ஸூமில் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பைப் போட்டு, அதற்குள் எதிரொலி நீக்கத்தையும் அணைத்து, ஹெட்போன் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த மூன்றையும் அணைக்க வழி தராத அழைப்பு ஆப்களில் பாட்டு வகுப்பு வைக்கவே வேண்டாம்.

ப்ளூடூத் ஹெட்போனும் வேண்டாம். அதிலேயே மைக்கும் ஓடும்போது, பரவலாக இருக்கும் முறையில் ஒலியின் மாதிரி வீதம், அதாவது வினாடிக்கு எத்தனை முறை அது அளக்கப்படுகிறது என்பது, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வழக்கமான பாட்டுப் பதிவு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். குரலின் மெருகும் மூச்சுக் கலப்பும் இருக்கும் பகுதி அப்படியே வெட்டுப்பட்டுப் போகும். சாதாரண ஒயர் ஹெட்போன் அதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது, கேமரா. எல்லோரும் முகத்துக்கு நேரே வைத்துக்கொள்கிறார்கள். ஒரு மாணவி மேல் ஸ்வரங்களுக்குப் போனால் அரை மணிக்குள் களைத்துவிடுவார். முன்னாலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. போனைப் பக்கவாட்டில், ஒரு கை தூரத்துக்கு மேல் தள்ளி, இடுப்பிலிருந்து தலைவரை தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னேன். ஸ்வரம் ஏற ஏற மோவாயும் கூடவே ஏறியது, கழுத்து முன்னே நீண்டது. மோவாய்க்கு அடியில், எலும்புக்குப் பின்னால் மெத்தென்று இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மறுபடி பாடச் சொன்னேன். மூன்றாவது ஸ்வரத்திலேயே நிறுத்திவிட்டார். "கல்லு மாதிரி ஆகுது, சார்" என்றார். நாக்கின் அடி கீழே அழுந்திக்கொண்டிருந்தது. நான் தொட்டுச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவரே தொட்டதால் அவருக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் நான் கேட்காமலே விரலை அங்கே வைத்துக்கொண்டு தொடங்கினார்.

திரைவழி வகுப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆசிரியர் கூடவே பாடி இழுத்துக்கொண்டு போக முடியாது என்பதால் மாணவர் முதல் நாளிலிருந்தே தனியாகப் பாட வேண்டும். நேர் வகுப்பில் ஆசிரியர் குரலில் சாய்ந்துகொண்டே வருடங்கள் ஓட்டி, மேடையில் தனியாக நின்றதும் சுருதி நழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறைமுகச் செலவு: வாய்விட்டுப் பாட ஒரு அறை. இது பலர் யோசிக்காதது. பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார் என்று பாதிக் குரலில் பாடினால் வகுப்பு முழுக்க வீண். பாதிக் குரலில் பழகியது பாதிக் குரலாகவே நிற்கும். நல்ல இணையம், ஹெட்போன், முடிந்தால் ஒரு மைக். முதல் இரண்டு வகுப்புகள் அமைப்புகளைச் சரிசெய்வதிலேயே போகும், அதையும் கணக்கில் வையுங்கள். நேர மண்டலம் வேறாக இருந்தால் விடியற்காலை வகுப்பு வரும். தூங்கி எழுந்த குரலை உடனே மேல் ஸ்வரத்துக்கு இழுக்கக் கூடாது.

யாருக்கு இது நல்லது: பக்கத்தில் தகுந்த ஆசிரியர் இல்லாதவர்கள், குறிப்பிட்ட பாணியைக் குறிப்பிட்ட ஒருவரிடமே கற்க விரும்புபவர்கள், அடிப்படை வந்துவிட்ட இடைநிலை மாணவர்கள், பயணத்துக்கு நேரமே இல்லாத வேலைக்காரர்கள்.

## நேரில் போய்க் கற்பது

ஆசிரியர் ஒரே அறையில் இருக்கும்போது குரல் அறையை எப்படி நிரப்புகிறது என்று கேட்கிறார். மைக் வழியே வரும் குரலில் இது தெரியவே தெரியாது. சின்னக் குரல் மைக்குக்கு அருகில் பெரிதாகிவிடும், பெரிய குரல் சிதறிவிடும். சேர்ந்து பாடலாம், வாத்தியத்தோடு பாடலாம். மாணவர் சம்மதத்தோடு தோளில், விலாவில் கை வைத்து மூச்சு எங்கே போகிறது என்று காட்டலாம். மாணவர் மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நொடியிலேயே இந்த வரி என்ன ஆகும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

முற்றிலும் புதியவர்களுக்கு, முக்கியமாகப் பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு, இதற்கு இணை இல்லை என்றே சொல்வேன். குழந்தை திரையின் முன் அரை மணி உட்காரலாம், ஆனால் பாட்டு உட்கார்ந்த உடம்பில் வருவதில்லை. ஓடி, கைதட்டி, நடந்து தாளம் பழக வேண்டிய வயது அது.

மறைமுகச் செலவு: பயணம். முக்கால் மணி நேரம் போய் வந்து அரை மணி கற்பவர்கள் மூன்றாவது மாதத்தில் ஒரு வகுப்பு விடுவார்கள், ஐந்தாவது மாதத்தில் நின்றுவிடுவார்கள். போகிற வழியெல்லாம் வண்டிச் சத்தத்துக்கு மேலே போனில் பேசிக்கொண்டு, தொண்டை களைத்து வந்து நிற்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட, பக்கத்தில் யார் கிடைக்கிறாரோ அவரோடு நிற்க வேண்டியிருப்பது. பக்கத்தில் இருப்பவர் நல்ல ஆசிரியராக இருந்தால் பாக்கியம். இல்லையென்றால், தொண்டையை இறுக்கிப் பாடவைக்கும் நேர் ஆசிரியரைவிடக் கவனமாகக் கேட்கும் தூர ஆசிரியர் எத்தனையோ பங்கு மேல்.

யாருக்கு இது நல்லது: குழந்தைகள், சுருதியே பிடிபடாத ஆரம்பநிலையினர், கச்சேரிக்கோ போட்டிக்கோ தயாராகிறவர்கள், குழுவோடு பாட வேண்டியவர்கள்.

## பதிவு செய்து அனுப்பித் திருத்தம் பெறுவது

இது பலருக்குத் தெரியாத வழி. நீங்கள் வீட்டில் பாடிப் பதிவு செய்து அனுப்புகிறீர்கள், ஆசிரியர் அவருக்கு நேரம் கிடைக்கும்போது கேட்டு, எந்த இடத்தில் என்ன என்று பேசியோ பாடிக் காட்டியோ திருப்பி அனுப்புகிறார். இணையத் தாமதமும் இரைச்சல் நீக்கமும் குறுக்கே வராததால் ஒலி நேரலையைவிடச் சுத்தமாகப் போகும். ஆசிரியர் ஒரே வரியைப் பத்து முறை நிறுத்திக் கேட்கலாம். திருத்தமும் உங்களிடம் பதிவாகவே இருக்கும்.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். திருத்தம் வர மூன்று நாள் ஆனால், அந்த மூன்று நாளும் தவறையே பழகியிருப்பீர்கள். இரண்டாவது, யாரும் முதல் பதிவை அனுப்புவதில்லை. பதினைந்து முறை பாடி, நன்றாக வந்த ஒன்றை அனுப்புவார்கள். ஆசிரியர் கேட்க வேண்டியது அந்த அழித்த பதினாலைத்தான். நான் என் மாணவர்களிடம் இரண்டு பதிவு கேட்பேன்: தொண்டையைத் தயார்செய்த பிறகு பாடிய முதல் முறை, அதோடு அவர்களுக்குப் பிடித்த முறை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில்தான் பாடம் இருக்கும்.

மறைமுகச் செலவு: திரும்பத் திரும்பப் பதிவு செய்வதில் தொண்டை களைக்கும். முழுமை பார்க்கிறவர்களுக்கு இது பொறி.

யாருக்கு இது நல்லது: ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள், இணையம் நிலையில்லாதவர்கள், ஏற்கெனவே ஓரளவு பாடத் தெரிந்தவர்கள். தனியாக இதை மட்டும் எடுப்பதைவிட நேரலையோடு சேர்த்தால் பலன் பெரிது.

## பதிவுப் பாடங்கள்

வாங்கிவைத்து எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், பிடிக்காததைத் தாண்டலாம். இசையின் இலக்கணம், தாளக் கணக்கு, மூச்சு எப்படி இயங்குகிறது என்பது போன்ற அறிவுக்கு நல்ல பதிவுப் பாடம் நேர் வகுப்பைவிடச் சிறப்பாகவே இருக்கும். ஆசிரியர் யோசித்து, திட்டமிட்டு, ஒழுங்காகச் சொல்லியிருப்பார்.

குரல் பயிற்சிக்கு வந்தால் ஒரு பெரிய சிக்கல். அதில் பாடுபவரின் சுருதி அவருக்கு வசதியானது. உங்கள் குரல் அங்கே இல்லை. ஆண், பெண் குரல்களுக்கு நடுவே பொதுவாக ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை) அளவுக்கு வித்தியாசம் உண்டு. ஒரே வகைக் குரலிலும் ஆளுக்கு ஆள் பல ஸ்வரங்கள் மாறும். வீடியோ மேலே போகப்போக நீங்களும் மேலே போவீர்கள். "இதோடு நிறுத்து" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பதிவுப் பாடம் எடுத்தால் பயிற்சி டிராக்குகள் பல சுருதிகளில் தனித்தனியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

மறைமுகச் செலவு: முடிக்காமல் விடுவது. நீங்கள் வராவிட்டால் கேட்க யாருமில்லை. யாருக்கு நல்லது: ஆசிரியர் ஒருவரும் கூடவே இருந்து, கோட்பாட்டை இதில் கற்கிறவர்களுக்கு.

## ஆப்

சுருதி காட்டும் ஆப் உங்கள் குரலின் அடிப்படை அதிர்வெண்ணை அளந்து கோடாக வரையும். ஒரு அரைச்சுரத்தை (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) 100 சென்ட்டாகப் பிரித்து, எத்தனை சென்ட் விலகினீர்கள் என்று சொல்லும். சுருதி சேர்கிறதா இல்லையா என்றே தெரியாத ஆரம்பநிலையில் இது உண்மையாகவே உதவுகிறது. கண் காதுக்குக் கற்றுத்தருகிறது. தினம் பத்து நிமிடம், ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தப் பழகினால் சில வாரங்களில் மாற்றம் தெரியும்.

ஆனால் ஆப் கேட்பது சுருதியை மட்டும். தொண்டையை நெரித்துப் பாடிய ஸ்வரத்துக்கும் இலகுவாக வந்த ஸ்வரத்துக்கும் ஒரே பச்சைக் கோடுதான். மேலே சொன்ன மாணவி ஆப்பில் எப்போதும் பச்சையில்தான் இருந்தார். குரல் அசைவையும் அது புரிந்துகொள்ளாது. நீட்டிய ஸ்வரத்தில் குரல் மெல்ல ஆடுவதுதான் வைப்ரேட்டோ; இயல்பாக அது வினாடிக்கு 5 முதல் 7 முறை ஆடும். கமகமோ ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும். இரண்டையும் தவறு என்று குறைத்துப் போடும் ஆப்கள் உண்டு. மதிப்பெண்ணுக்காகக் குரலை ஆணி அடித்தாற்போல நிறுத்தப் பழகினால், அதை இளக்குவது பிறகு பெரிய வேலை.

மறைமுகச் செலவு: தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. நின்றுபோன பிறகும் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். யாருக்கு நல்லது: வகுப்புகளுக்கு நடுவே பழகுபவர்களுக்கு.

ஆன்லைன் குழு வகுப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுப் பாடும் முப்பது பேர் வகுப்பில் உங்களை யாரும் கேட்கவில்லை. அதைப் பதிவுப் பாடமாகவே கணக்கு வையுங்கள். நாலைந்து பேர், ஒவ்வொருவராகப் பாடி மற்றவர்கள் கேட்கும் வகுப்பு என்றால் வேறு. அடுத்தவருக்குச் சொல்லும் திருத்தத்தில் நிறையக் கற்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நேர் வகுப்பு | ஆன்லைன் நேரலை | அனுப்பித் திருத்தம் | பதிவுப் பாடம் | ஆப் |
|---|---|---|---|---|---|
| தவறை யார் கேட்பது | ஆசிரியர், உடனே | ஆசிரியர், உடனே | ஆசிரியர், சில நாளில் | யாருமில்லை | கருவி, சுருதி மட்டும் |
| உடல் தெரிவது | முழுதாக | கேமரா வைப்பைப் பொறுத்து | வீடியோ அனுப்பினால் | இல்லை | இல்லை |
| ஒலித் தரம் | உள்ளபடி | அமைப்பைப் பொறுத்து | நன்று | பொருந்தாது | பொருந்தாது |
| சேர்ந்து பாடுவது | முடியும் | பெரும்பாலும் முடியாது | முடியாது | டிராக்கோடு மட்டும் | டிராக்கோடு மட்டும் |
| நிலைத்து நிற்பது | பயண தூரத்தைப் பொறுத்து | நன்று | நடுத்தரம் | கடினம் | கடினம் |
| பெரிய மறைமுகச் செலவு | பயண நேரம் | அறை, கருவி | மறுபதிவுக் களைப்பு | தவறான சுருதி | கெட்ட பழக்கம் தெரியாமல் போவது |

## நான் எதைச் சொல்வேன்

முற்றிலும் புதியவர், அரை மணிக்குள் போகிற தூரத்தில் நல்ல ஆசிரியர் இருக்கிறார் என்றால் முதல் மூன்று மாதமாவது நேரில் போங்கள். நிற்பது, மூச்சு, வாய் திறப்பது மூன்றும் படிந்துவிட்டால் பிறகு ஆன்லைனுக்கு மாறலாம். அப்படி ஆள் இல்லை என்றால் காத்திருக்காமல் ஆன்லைன் நேரலையில் சேருங்கள்.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது ஒரு கலவை. இரண்டு வாரத்துக்கு ஒரு நேரலை வகுப்பு, நடுவில் ஒரு பதிவு அனுப்பித் திருத்தம், தினம் பதினைந்து இருபது நிமிடப் பயிற்சி. வாரம் ஒரு வகுப்புக்கு வந்து நடுவில் வாயே திறக்காதவரைவிட இவர்கள் வேகமாக வருகிறார்கள். தினமும் கொஞ்சம் என்பதை உடல் எடுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்பதைத் தொண்டை தாங்காது.

குரல் உடையும் வயதில், சுமார் 12 முதல் 15 வரை, இருக்கும் பையன்களுக்கு ஆப்பும் பதிவுப் பாடமும் வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு வாரம் எல்லை மாறும். அதைக் கேட்டு, அன்றைக்கு எந்த ஸ்வரம் வசதியோ அதற்குள் பாடவைக்கும் மனிதர் வேண்டும், நேரிலோ திரையிலோ.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், பாடும்போது வலித்தால், எந்த வகுப்பும் வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று எந்த ஆசிரியராலும் கேட்டே சொல்ல முடியாது.

ஆன்லைன் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது முழுத் தொகை கட்டுவதற்கு முன் ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள். அதில் அவர் எவ்வளவு அழகாகப் பாடுகிறார் என்று பார்க்காதீர்கள். உங்கள் ஒலி அமைப்பை விசாரிக்கிறாரா, கேமராவைத் தள்ளிவைக்கச் சொல்கிறாரா, சுருதியை உங்கள் பக்கம் ஒலிக்கவிடுகிறாரா, உங்களைப் பாதி நேரமாவது பாடவிடுகிறாரா என்று பாருங்கள். "மூச்சை வயிற்றிலிருந்து எடு" என்று பொதுவாகச் சொல்கிறாரா, அல்லது "இந்த வார்த்தையில் தாடை இறுகுகிறது, 'ஆ' என்று மட்டும் வைத்துப் பாடிப் பார்" என்று உங்கள் குரலைப் பற்றிச் சொல்கிறாரா? இரண்டாவது மாதிரி ஒரு திருத்தமாவது முதல் வகுப்பில் வர வேண்டும். வகுப்பைப் பதிவு செய்யலாமா, வகுப்பு விட்டால் என்ன ஏற்பாடு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சோதனை வகுப்பு முடிந்த அன்றே நாலு வரி பாடிப் பதிவு செய்து, தேதி போட்டு வையுங்கள். போன் எங்கே இருந்தது, எவ்வளவு தூரத்தில் இருந்தது, எந்தச் சுருதி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து அதே நாலு வரி, அதே சுருதி, அதே இடம், அதே தூரம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்பைவிட இலகுவாக வந்திருந்தால் தொடருங்கள். சுருதி சரியாகச் சேர்ந்தும் தொண்டை இறுகியிருந்தால், இரண்டு பதிவையும் ஆசிரியருக்கே அனுப்பி, "ஏன் இப்படி?" என்று கேளுங்கள். அவர் கேட்டுவிட்டுச் சொல்லும் பதிலிலிருந்து அவரிடமே தொடர்வதா, வேறு வழி பார்ப்பதா என்று தெரிந்துவிடும்.